மாமாவின் காரும் ஆக்ஸ்ஃபோர்டு ஹை ஸ்ட்ரீட்டும்

போன மாதம் லண்டனிலிருந்து வந்த மாமா, அத்தைக்கு ஊரைக் காட்டுகிறேன் என்று கௌலி ரோட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு போனார். மாட்லின் பாலம் தாண்டியதும் லாங்வால் தெருவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பாமல் நேராக ஹை ஸ்ட்ரீட்டுக்குள் விட்டுவிட்டார். கேமரா நம்பர் பிளேட்டைப் பிடித்துக்கொண்டது, அபராதக் கடிதமும் வந்துவிட்டது.

"தெரு காலியாத்தானேம்மா இருந்துச்சு?" என்று போனில் கேட்டார்.

காலியாக வைத்திருக்கிறார்கள் மாமா. 1999 ஜூனிலிருந்து காலை 7.30 முதல் மாலை 6.30 வரை அங்கே பஸ், டாக்ஸி, சைக்கிள்தான். ஒரு பக்கம் குயின்ஸ் கல்லூரி, எதிரே யூனிவர்சிட்டி கல்லூரி. எந்தச் சுவரை இடித்துத் தெருவை அகலப்படுத்துவது? 1948-இல் தாமஸ் ஷார்ப் என்ற நகரத் திட்டக்காரர், கிறைஸ்ட் சர்ச் புல்வெளி வழியாகப் புதுச்சாலை போடலாம் என்றார். அதன் மேல் இருபது வருடம் சண்டை நடந்தது. சாலை வரவில்லை. இன்றும் அங்கே நீளக்கொம்பு மாடுகள் மேய்கின்றன. பார்க்கும்போதெல்லாம் மனசு நிறைகிறது.

ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. கல்லூரிகளின் வாசலைக் காத்தார்கள், சரி. பாலத்துக்கு இந்தப் பக்கம்? இஃப்லி ரோடு, கௌலி ரோடு, செயின்ட் கிளெமென்ட்ஸ் மூன்றும் வந்து முட்டும் தி பிளெய்ன் ரவுண்டானாவில்தான் தினமும் காலையில் சைக்கிளோடு நிற்கிறேன். மழை நாளில் இடப்பக்கம் வேன், பின்னால் மாடி பஸ்ஸின் உறுமல். வேன்காரர் என் கண்ணைப் பார்த்தாரா என்று உறுதியாகும் வரை பெடலை மிதிக்க மாட்டேன். பாலத்தில் ஏறினால்தான் மூச்சு வரும்.

அதனால்தான் 2025 அக்டோபர் 29 முதல் செயின்ட் கிளெமென்ட்ஸ் உட்பட ஆறு இடங்களில் கார்களுக்கு 5 பவுண்டு கட்டணம் வந்தபோது, தெருவில் பலர் கோபப்பட்டாலும், நான் ஆதரித்தேன். காரை விட்டுவிட்டு வர வழியே இல்லாத ஊராக இருந்தால் அது அநியாயம். இங்கே 1973-லிருந்தே ஊர் எல்லையில் காரை நிறுத்திவிட்டு பஸ் ஏறும் ஏற்பாடு இருக்கிறது.

மாமா அடுத்த ஞாயிறு மறுபடி வருகிறார். அப்படி ஒரு நிறுத்துமிடமான தார்ன்ஹில்லில் காரை விட்டுவிட்டு பஸ்ஸில் வரச் சொல்லியிருக்கிறேன். மாடியில் முன் சீட்டில் உட்கார்ந்தால் ஹை ஸ்ட்ரீட் வளைவது முழுசாகத் தெரியும், அத்தைக்குப் பிடிக்கும்.