ஆறு அங்குலக் குழியாடி: கையால் தேய்த்த அனுபவம்

தொலைநோக்கியில் ஒளியைக் குவிக்கும் குழியாடியைக் கையாலேயே தேய்த்துச் செய்ய வேண்டும் என்ற ஆசை, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கியைப் பார்த்த நாளில் எனக்குள் விழுந்தது. சென்ற தை மாதம் 150 மி.மீ. விட்டமும் 25 மி.மீ. தடிப்பும் உள்ள இரண்டு கண்ணாடி வட்டுகளை வாங்கி வேலையைத் தொடங்கினேன்.

ஒரு வட்டைப் பீப்பாயின் மேல் அசையாதபடி பொருத்தி, நீரில் குழைத்த கார்போரண்டம் என்னும் கடினமான தேய்ப்புப் பொடியை இட்டு, மற்றொன்றை அதன்மேல் வைத்து முன்னும் பின்னுமாகத் தள்ள வேண்டும். அவ்வப்போது மேல்வட்டைச் சற்றுத் திருப்பி, நாமும் பீப்பாயைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருந்தால், மேல்வட்டின் நடுவும் கீழ்வட்டின் விளிம்பும் கூடுதலாகத் தேய்ந்து, மேலது குழிந்தும் கீழது குவிந்தும் கோளப் பரப்பாகின்றன. 1200 மி.மீ. குவியத் தொலைவுக்கு நடுவில் வேண்டிய ஆழம் 1.17 மி.மீ. மட்டுமே. 80-ஆம் எண் முரட்டுப் பொடியில் அதை எட்ட ஐந்து மாலைகள் ஆயின.

அதன்பின் 120, 220, 400, 600 என எண் கூடக்கூடப் பொடி நைசாகிக்கொண்டே போகும். 400-இல் இருந்தபோது கரகரவென்று ஓர் ஒலி கேட்டது. வாளியின் விளிம்பில் ஒட்டியிருந்த பழைய முரட்டுப் பொடியின் ஒரு மணி உள்ளே புகுந்து, நீளமாக ஒரு கீறலைப் போட்டுவிட்டது. மீண்டும் 220-க்குத் திரும்பினேன். வாளி, துணி, பஞ்சு அனைத்தையும் ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியாக ஒதுக்கினேன்.

மெருகேற்றுவதற்குத் தார் போன்ற கீலை உருக்கிக் கீழ்வட்டின் மேல் ஊற்றி, இறுகுமுன் சதுரம் சதுரமாக வரி கீறி, சீரியம் ஆக்சைடு என்னும் மெருகுப் பொடியைக் குழைத்துத் தேய்த்தேன். சித்திரை வெயிலில் கீல் இளகி வரிகள் மூடிக்கொண்டதால், விடியற்காலையில் மட்டுமே வேலை நடந்தது. சாம்பல் படர்ந்திருந்த கண்ணாடி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிந்தது.

இந்த வேலையில் என்னை முழுதாக ஆட்கொண்டது சோதனைதான். பிரெஞ்சு அறிஞர் ஃபூக்கோ 1858-இல் கண்ட முறை அது. ஆடியிலிருந்து குவியத் தொலைவின் இரு மடங்கான 2400 மி.மீ. தொலைவில் நுண்துளை விளக்கொன்றை வைத்து, திரும்பிவரும் ஒளியைச் சவர பிளேடின் கூர்விளிம்பால் வெட்டினால், பரப்பின் மேடு பள்ளங்கள் நிழலாக எழுந்து நிற்கும். விரலை ஆடியின்மேல் ஒரு நிமிடம் வைத்துவிட்டுப் பார்த்தேன். உடற்சூட்டில் கண்ணாடி உப்பி அங்கே ஒரு குன்று தெரிந்தது, பிறகு மெல்ல அடங்கியது. பரப்பில் சுமார் 70 நானோமீட்டருக்கு மேல் பிழை இருக்கலாகாது என்னும் கணக்கை, வீட்டு அறையில் ஒரு பிளேடைக் கொண்டு சரிபார்க்க முடிகிறது! விளிம்பு சற்றுத் தாழ்ந்திருந்ததைக் கண்டு, மேலும் ஆறு மணி நேரம் மெருகேற்றி அதைச் சரிசெய்தேன். சரியான வடிவம் பரவளையம் என்றாலும், இந்த அளவுள்ள ஆடிக்குக் கோளப் பரப்பே ஏறத்தாழப் போதும் என்பதால் அத்துடன் நிறுத்திக்கொண்டேன்.

அலுமினியம் பூச இன்னும் அனுப்பவில்லை. முலாம் இல்லாத கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டையே திருப்பும்; ஆனால் நிலவுக்கு அது போதும். வைகாசி வளர்பிறை தசமியன்று ஆடியைக் குழாயில் பொருத்தி மாடிக்கு எடுத்துச் சென்றேன். ஒளிக்கும் இருளுக்கும் நடுவிலுள்ள எல்லையை ஒட்டி, 93 கிலோமீட்டர் அகலமுள்ள கோப்பர்னிக்கஸ் பள்ளம், சுவர்களின் அடுக்குகளும் நடுவிலுள்ள குன்றுகளும் தெளிவாகத் தெரிய நின்றது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.