ஹேஷை எங்கே போட்டிருக்கிறீர்கள்?

டவுன்லோடு பக்கத்திலேயே எஸ்எச்ஏ-256 ஹேஷையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எழுத்துச்சரம்) போட்டு, 'சரிபார்த்துக்கொள்ளுங்கள்' என்று எழுதிவைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. சர்வருக்குள் புகுந்து கோப்பை மாற்றுகிறவன் அந்த 64 எழுத்துகளை மட்டும் விட்டுவைப்பானா? டவுன்லோடு பாதியில் கெட்டதா என்று பார்க்க ஹேஷ் போதும். கோப்பு யாருடையது என்பதை அது சொல்லாது.

எச்டிடிபிஎஸ் (தளத்தின் சான்றிதழைப் பார்த்துப் பிரவுசர் பேசும் பாதுகாப்பான வழி) காப்பாற்றும் என்பதும் பாதி உண்மைதான். பிரவுசர் நம்பும் சான்றிதழ் நிறுவனங்களில் ஒன்று கவிழ்ந்தால் போதும், எந்த டொமைனுக்கும் போலிச் சான்றிதழ் வரலாம். 2011-இல் நெதர்லாந்தின் சான்றிதழ் நிறுவனமான டிஜிநோட்டார் ஹேக் ஆனபோது கூகுள் பெயரிலேயே போலிச் சான்றிதழ் வெளிவந்து, ஈரானியப் பயனர்கள் மீது பிரயோகிக்கப்பட்டது.

கோப்புகளுக்கு நான் சொல்வது மினிசைன், கோப்புக்கு டிஜிட்டல் கையெழுத்துப் போடும் கருவி. அதே வேலைக்குப் பலர் பயன்படுத்தும் ஜிபிஜியை விடச் சின்னது, தப்பு செய்ய இடம் குறைவு. பப்ளிக் கீ (கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவி) ஒரே வரி, 56 எழுத்து. அதை ரிலீசுக்கு முன்பே மூன்று இடத்தில் பரப்பிவிடுங்கள்: சோர்ஸ் கோட் ரெப்போ, மெயில் கையொப்பம், முந்தைய ரிலீசின் உள்ளே. ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் இதை அழகாகச் செய்கிறது. ஒவ்வொரு ரிலீசிலும் அடுத்த ரிலீசின் பப்ளிக் கீ சேர்ந்தே வரும். பிரைவேட் கீ (கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி) வெப் சர்வர் பக்கமே போகக்கூடாது. சைன் செய்வது வேறு மெஷினில்.

இங்கே பலர் கோட்டைவிடுவது பழைய கோப்பு விஷயத்தில். ஓட்டையுள்ள பழைய வெர்ஷனை அதன் கையெழுத்தோடு, புதிய பெயரில் ஒருவன் கொடுத்தால் சரிபார்ப்பு தேறிவிடும். கோப்பின் பெயர் கையெழுத்துக்குள் கட்டாயமில்லை. மினிசைன் கையெழுத்துக் கோப்பில் இரண்டு குறிப்பு வரிகள் இருக்கும். முதல் வரியை யாரும் திருத்தலாம். இரண்டாவது, அதாவது நம்பகக் குறிப்பு, கையெழுத்துக்குள் அடங்கும். வெர்ஷன் எண்ணையும் தேதியையும் அதில் எழுதுங்கள். சரிபார்க்கும் ஸ்கிரிப்டும் அதைப் படிக்க வேண்டும்.

தளத்தையே சான்றிதழ் நிறுவனம் இல்லாமல் நிரூபிக்க வேண்டுமானால் டோர் (அடையாளம் மறைக்கும் நெட்வொர்க்) தரும் ஆனியன் முகவரி. அதுவும் 56 எழுத்துதான் (தற்செயல்). அந்த முகவரிக்குள்ளேயே பப்ளிக் கீ இருப்பதால் மூன்றாம் ஆள் தேவையில்லை. ஆனால் முதல் ஆறேழு எழுத்து ஒத்துப்போகும் போலி முகவரியை உருவாக்குவது பெரிய வேலை இல்லை. முழுவதையும் ஒப்பிடுங்கள், அல்லது புக்மார்க்கிலிருந்து மட்டும் திறங்கள்.

சான்றிதழ் நிறுவனம் இல்லாமல் சரிபார்க்க இன்னொரு வழி டேன்: சர்வருடைய கீயின் ஹேஷ் டிஎன்எஸ்ஸிலேயே (டொமைன் பெயருக்கு முகவரி சொல்லும் அமைப்பு), டிஎல்எஸ்ஏ என்ற வகை ரெக்கார்டாக உட்காரும். டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதிலுக்கே கையெழுத்துப் போடும் முறை) இல்லாமல் அதற்கு மதிப்பில்லை. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் இதைப் பார்ப்பதே இல்லை என்பதால் வெப்சைட்டுக்கு இதை நம்பி இறங்காதீர்கள். மெயில் சர்வருக்குப் பிரமாதம்: போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள் சரிபார்க்கும், ரெக்கார்டில் 3 1 1 (சான்றிதழ் நிறுவனத்தைப் பார்க்காமல், கீயின் எஸ்எச்ஏ-256 ஹேஷை மட்டும் ஒப்பிடு) என்று போட்டால் சொந்தமாகச் சைன் செய்த சான்றிதழும் செல்லும்.

அடிக்கடி உடைவது கீ மாற்றும்போது. சான்றிதழ் தானாகப் புதுப்பித்து, கீயும் மாறி, ரெக்கார்டு பழையதாகவே நின்றால், டேன் பார்க்கும் சர்வர்களிலிருந்து வரும் மெயில் அங்கேயே தேங்கும். பழைய கீயையே வைத்துப் புதுப்பிக்கும் ஆப்ஷன் செர்ட்பாட்டில் (சான்றிதழ் வாங்கிப் புதுப்பிக்கும் கருவி) உண்டு. மாற்றியே ஆக வேண்டுமென்றால் முதலில் புதிய கீயின் ரெக்கார்டையும் பழையதோடு சேர்த்துப் போட்டு, டிடிஎல்லைப் (டிஎன்எஸ் பதிலை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) போல் இரண்டு மடங்கு நேரம் காத்திருந்து, அதன்பிறகு சான்றிதழை மாற்றுங்கள். பழைய ரெக்கார்டை எடுப்பது கடைசி வேலை.