வளையும் அணை, அகலும் முகம்

கிருஷ்ணகிரி அணையை 16 எம்எம் அகலக் கோண லென்ஸில் எடுத்தால் அணைச் சுவர் நடுவில் பிதுங்கித் தெரிகிறதா? போட்டோ திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் லென்ஸ் ப்ரொஃபைலை (லென்ஸின் வளைவைச் சரிசெய்யும் அமைப்பு) ஆன் செய்யுங்கள், நிமிர்ந்துவிடும். ஆனால் சும்மா நிமிராது. மூலையில் இருக்கும் பிக்சல்களை வெளியே இழுத்து, அவற்றுக்கு இடையில் விழும் இடைவெளியைக் கணக்குப் போட்டு நிரப்பி, மிஞ்சும் ஓரத்தை வெட்டிவிடுகிறது, அதனால்தான் மூலையில் இருக்கும் இலையெல்லாம் குழைந்து தெரியும்.

அப்புறம் அதே லென்ஸில் எடுத்த கல்யாண குரூப் போட்டோ. ஓரத்தில் நிற்கும் பெரியம்மாவின் முகம் அகலமாவது லென்ஸின் குறை இல்லை. அவ்வளவு அகலமான காட்சியை, நேர்கோடு வளையாமல் தட்டையான படத்தில் விரித்தால் அப்படித்தான் ஆகும், திருத்தினால் இன்னும் கூடும். நான் ஆட்கள் படத்துக்கு இந்தத் திருத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டிஸ்டார்ஷன் ஸ்லைடரை 100-லிருந்து 50-க்கு இறக்கிவிடுவேன். மண்டபத்தில் இடம் இருந்தால், பின்னால் போய் 35 எம்எம் லென்ஸில் எடுங்கள்.