ஸ்மார்ட் டிவி ட்ராக்கிங்: எங்க வீட்டுல எதெல்லாம் ஆஃப் பண்ணேன், எது வேலைக்கு ஆச்சு

கேபிள் பாக்ஸ்ல சீரியல் மட்டும்தான் ஓடுது, டிவில இருக்க ஆப் எதையும் தொடுறதே இல்ல, அப்பறம் எங்க இருந்து ட்ராக்கிங் வரும்னு கேக்குறவங்க நெறைய பேரு. சேலம் அழகாபுரத்துல எங்க வீட்டுலயும் இதேதான் பேச்சு. ஆனா விஷயம் தலகீழுங்க. நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி ஆப்ல பாக்குறத விட, எச்டிஎம்ஐ ஒயர்ல வர்ற கேபிள் பாக்ஸ், லேப்டாப், கேம் இதையெல்லாம்தான் டிவி ரொம்ப உன்னிப்பா கவனிக்குது. இதுக்குப் பேரு ஏசிஆர், ஆட்டோமேட்டிக் கன்டென்ட் ரெகக்னிஷன். திரையில ஓடுறதுல இருந்து கைரேகை மாதிரி ஒண்ண எடுத்து கம்பெனி சர்வருக்கு அனுப்பும், அங்க இருக்க லைப்ரரியோட ஒப்பிட்டு இந்த வீட்டுல இந்நேரத்துக்கு இந்த நிகழ்ச்சி ஓடுச்சுன்னு குறிச்சுக்கும். படம் எந்த ஒயர்ல வருதுங்கறது அதுக்கு தேவையே இல்ல, திரையில வந்தா போதும், வைஃபை கனெக்ட் ஆகியிருந்தா போதும்.

சும்மா பயமுறுத்தலீங்க. 2024ல லண்டன் யுசிஎல், அமெரிக்காவுல யுசி டேவிஸ், ஸ்பெயின்ல இருக்க ஒரு யுனிவர்சிட்டி மூணும் சேந்து சாம்சங், எல்ஜி டிவிகள வெச்சு நெட்வொர்க் ட்ராஃபிக்க அளந்து பாத்தாங்க. எல்ஜி 10 மில்லிசெகண்டுக்கு ஒருக்கா, சாம்சங் 500 மில்லிசெகண்டுக்கு ஒருக்கா திரைய பிடிக்குது, எடுத்தத சேத்து வெச்சு எல்ஜி 15 செகண்டுக்கு ஒரு தடவ, சாம்சங் நிமிஷத்துக்கு ஒரு தடவ அனுப்புது. லேப்டாப்ப சொருகி வெறும் மானிட்டரா யூஸ் பண்ணுனா கூட அனுப்புது. ஆனா அதே ஆராய்ச்சியிலதான் நமக்கு வேண்டிய இன்னொரு விஷயமும் இருக்கு, செட்டிங்ஸ்ல எல்லாத்தையும் ஆஃப் பண்ணுனதும் அந்த ஏசிஆர் சர்வர்களுக்கு போற ட்ராஃபிக் நின்னுடுச்சு. அவங்க பாத்தது பிரிட்டன்லயும் அமெரிக்காவுலயும், இருந்தாலும் மெனுவுக்குள்ள போறது வீண் வேலை இல்லன்னு நம்பிக்கை வந்தது அத படிச்சுதான்.

நம்ம ஊர்ல டிஆர்பி எடுக்குறதுக்கு பார்க்னு ஒரு அமைப்பு இருக்கு, அவங்க நாடு முழுக்க 50,000க்கு மேல வீடுகள்ல மீட்டர் வெச்சிருக்காங்க, அந்த வீட்டுக்காரங்க கிட்ட கேட்டு, ஒத்துக்கிட்டவங்க வீட்டுல மட்டும். அதுல ஒரு மரியாதை இருக்கு. இங்க நாம காசு குடுத்து வாங்குன டிவி, ரிமோட்ல ஒரு ஓகே அமுக்குனதையே சம்மதம்னு எடுத்துக்குது.

அந்த ஓகே எப்படி வருதுன்னு பாருங்க. சாயந்தரம் டிவிய போட்டா அப்டேட் ஆயிடுச்சுன்னு சொல்லி திரை முழுக்க இங்கிலீஷ்ல ஒரு பக்கம், கீழ பெருசா கலர்ல 'ஐ அக்ரி டு ஆல்', பக்கத்துல மங்கலா 'கஸ்டமைஸ்'. எங்க அம்மாவுக்கு சீரியல் ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம் போயிடுச்சுன்ற பதட்டம், "இத என்னன்னு பாரு கண்ணு"ன்னு குரல் குடுத்துக்கிட்டே அமுக்கியாச்சு. யார் வீட்டுலயும் இதான் நடக்கும். அதனால அன்னைக்கு ராத்திரி ரிமோட்ட கையில வாங்கிக்கிட்டு உக்காந்தேன்.

டிவி பிராண்டு எதுன்னு சொல்லல, ஆனா எந்த பிராண்டுலயும் இருக்க ஒரு பொதுவான தொல்லை, ஆஃப் பண்ண வேண்டியது ஒரே எடத்துல இருக்காது. சாம்சங்ல டேர்ம்ஸ் அண்ட் ப்ரைவசின்னு ஒரு மெனு இருக்கும், அதுக்குள்ள ப்ரைவசி சாய்சஸ், அதுக்குள்ள 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்'னு ஒண்ணு, அதான் ஏசிஆர். விளம்பரத்துக்கானது 'இன்ட்ரஸ்ட் பேஸ்டு'ன்னு தனியா இருக்கும், வாய்ஸுக்கு இன்னொண்ணு. எல்ஜில 'லைவ் ப்ளஸ்'னு போட்டிருக்கும், பேர பாத்தா ஏதோ நல்ல வசதி மாதிரியே இருக்கும், அத ஆஃப் பண்ணணும், அப்பறம் யூசர் அக்ரிமெண்ட்ஸ் பக்கத்துக்கு தனியா போயி வியூயிங் இன்ஃபர்மேஷன் டிக்க எடுக்கணும், விளம்பர ட்ராக்கிங்க குறைக்குற ஆப்ஷன் அதுக்கும் தனியா. சோனில சாம்பா டிவின்னு வேற ஒரு கம்பெனியோட சர்வீஸ் உள்ள வர்ற மாடல்கள் உண்டு. கூகுள் டிவி ஓடுற செட்டுன்னா ப்ரைவசிக்குள்ள 'யூசேஜ் அண்ட் டயக்னாஸ்டிக்ஸ்' ஆஃப், ஆட்ஸ்ல போயி அட்வர்டைசிங் ஐடிய டெலீட் பண்ணணும், ஆனா அது கூகுள் பக்கம் மட்டும்தான், டிவி கம்பெனி தன் பங்குக்கு வெச்சிருக்க அக்ரிமெண்ட் வேற மெனுவுல இருக்கும். நிறைய பேரு இந்த எடத்துலதான் ஒண்ண ஆஃப் பண்ணிட்டு முடிஞ்சுதுன்னு எந்திரிச்சுப் போயிடுறாங்க. என் அனுபவத்துல 'அக்ரிமெண்ட்', 'பாலிசி', 'ஆட்', 'டேட்டா', 'வாய்ஸ்' இந்த வார்த்தை எங்க தெரிஞ்சாலும் உள்ள போயி பாத்துட்டு வர்றதுதான் ஒரே வழி. சில ஆப்ஷன ஆஃப் பண்ணும்போது இது இல்லாம சில சேவைகள் வேலை செய்யாதுன்னு ஒரு மிரட்டல் வரும். எனக்கு யூட்யூப், கேபிள், பென்ட்ரைவ் எதுக்கும் ஒரு குறையும் வரல, வாய்ஸ்ல தேடுறது மட்டும் போச்சு, அத எங்க வீட்டுல யாரும் தேடவும் இல்ல.

மெனுவ மட்டும் நம்பி விட முடியாதான்னா, விடலாம், ஆனா எனக்கு 2013ல நடந்த ஒரு விஷயம் மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அந்த வருஷம் பிரிட்டன்ல ஒருத்தரு தன்னோட எல்ஜி டிவி அனுப்புறத தோண்டிப் பாத்தப்ப, கலெக்‌ஷன ஆஃப் பண்ணுனதுக்கு அப்பறமும் எந்த சேனல் பாக்குறோம்னு போயிக்கிட்டு இருந்துச்சு, யூஎஸ்பில இருந்த ஃபைல் பேரு கூட போச்சு. கம்பெனியே ஒத்துக்கிட்டு சாஃப்ட்வேர்ல சரி பண்றோம்னு சொல்ல வேண்டி வந்துச்சு. நம்ம வீட்டு பென்ட்ரைவ்ல ஃபைலுக்கு என்ன பேரு வெப்போம், 'தங்கச்சி வளைகாப்பு', 'அப்பா ஸ்கேன்' இப்படித்தானே. அதுக்கப்பறம் 2017ல விசியோன்ற டிவி கம்பெனி 1.1 கோடி டிவில யார்கிட்டயும் சரியா சொல்லாம என்ன பாக்குறாங்கன்னு எடுத்ததுக்கு அமெரிக்காவுல 22 லட்சம் டாலர் கட்டுச்சு. சரி, மெனுவுக்கு மேல இன்னொரு வேலி போட்டுடலாம்னு டிஎன்எஸ்ல எறங்குனேன்.

டிஎன்எஸ் பிளாக்னா என்னன்னு சுருக்கமா சொல்றேன், டிவி ஒரு சர்வர் பேர சொல்லி நம்பர் கேக்கும், நாம வெச்சிருக்க டிஎன்எஸ் அந்தப் பேரு ட்ராக்கிங் லிஸ்ட்ல இருந்தா நம்பர குடுக்காது, அவ்வளவுதான். ஆட்கார்டு டிஎன்எஸ்னா 94.140.14.14, 94.140.15.15 ரெண்டையும் போட்டா போதும், காசு இல்ல. இத ரௌட்டர்ல போட்டா வீடு முழுக்க ஒரே அடியா முடிஞ்சுடும்னு எல்லாரும் சொல்லுவாங்க. எங்க வீட்டுல ஃபைபர்காரங்க குடுத்த பொட்டிக்குள்ள போனா டிஎன்எஸ் மாத்துற எடமே காட்டல, பொட்டிக்கு அடியில ஒட்டியிருந்த பாஸ்வேர்டு சாதா யூசருக்கு உள்ளது, அட்மின் பாஸ்வேர்டு அவங்க கிட்ட. லைனுக்கு வர்ற தம்பிய கேட்டா "அதெல்லாம் ஆபீஸ்ல குடுக்க மாட்டாங்கண்ணா, ஸ்பீடு வேணா பாத்து தர்றேன்"ங்கறாரு. ஸ்பீடு நல்லாத்தான் இருக்கு தம்பி.

அதனால ரௌட்டர விட்டுட்டு டிவிலயே போட்டேன். நெட்வொர்க் ஸ்டேட்டஸ், இல்லன்னா அட்வான்ஸ்டுன்னு இருக்கும், அதுல டிஎன்எஸ்ஸ ஆட்டோமேட்டிக்ல இருந்து மேனுவலுக்கு மாத்திட்டு ரிமோட்ல ஒவ்வொரு நம்பரா அடிக்கணும், விரலு வலிக்கும், வேற ஒண்ணுமில்ல. கூகுள் டிவில டிஎன்எஸ் மட்டும் தனியா மாத்த விடாது, ஐபி செட்டிங்ஸ ஸ்டாட்டிக் ஆக்குனாத்தான் அந்த கட்டம் வரும். இன்னொரு சங்கடம், சில சாதனங்க நாம குடுத்தத கண்டுக்காம நேரா கூகுளோட டிஎன்எஸ் 8.8.8.8க்கு போயிடும், அத தடுக்கணும்னா சொந்தமா ஒரு ரௌட்டர் வாங்கி டிஎன்எஸ் கேள்வி போற வழியான 53ஆம் போர்ட்ட மடக்கி விடணும். அதுக்கு ஆர்வம் இருக்கவங்க ராஸ்பெரி பைன்ற குட்டி கம்ப்யூட்டர்ல பை-ஹோல்ன்ற டிஎன்எஸ் பிளாக்கர் போட்டுக்கலாம், நான் அவ்வளவு தூரம் போகல, ஹால்ல ஒரு டிவிக்கு அது தேவையுமில்லன்றது என் கருத்து.

ஆனா டிவி எந்தெந்த சர்வர கேக்குதுன்ற பதிவ, அதான் லாக், பாக்கணும்னு ஆசை விடல. நெக்ஸ்ட்டிஎன்எஸ்னு லாக் காட்டுற இன்னொரு டிஎன்எஸ் சேவைல ஒரு அக்கவுண்ட் போட்டு, மாசத்துக்கு 3,00,000 கேள்வி வரைக்கும் இலவசம், டிவிய அதுல திருப்பி விட்டு போன்ல லாக்க தொறந்து வெச்சுக்கிட்டு பக்கத்துல உக்காந்தேன். அம்மா கேபிள்ல பாட்டு நிகழ்ச்சி பாத்துக்கிட்டு இருக்காங்க, இந்தப் பக்கம் வரிசையா பேருங்க வந்து விழுது. அப்டேட் சர்வர், மணி பாக்குற சர்வர், விளம்பர சர்வர், எங்க வீட்டுல நெட்ஃப்ளிக்ஸ் அக்கவுண்டே கெடையாது அதுக்கும் ஒண்ணு. இது புதுசு இல்ல, 2019லயே அமெரிக்காவுல நார்த்ஈஸ்டர்னும் லண்டன் இம்பீரியல் காலேஜும் சேந்து பாத்தப்ப அக்கவுண்ட் போடாத டிவிங்களும் நெட்ஃப்ளிக்ஸ கூப்புட்டுக்கிட்டு இருந்துச்சுன்னு வந்துச்சு. பிளாக் பண்ணுன பேருக்கு நேரா செவப்பு கோடு, பதில் கெடைக்கலன்னா டிவி சும்மா இருக்காது, மறுபடி மறுபடி அதையே கேக்கும், அதனால இலவச கணக்கு தீந்துடுமோன்னு ஒரு பயம் வேற. அம்மா எட்டிப் பாத்துட்டு "இவ்வளவு பேரா நம்ம வீட்டு டிவிய பாக்குறாங்க, டீ போட்டுக் குடுக்கவா"ன்னாங்க.

லாக் பாத்ததுல ஒரு நல்லதும் தெரிஞ்சுது. மெனுவுல எல்லாத்தையும் ஆஃப் பண்ணி வெச்ச பெறகு ஏசிஆர்னு பேருல இருக்க சர்வர்ங்க லாக்ல வரவே இல்ல, சோதனைக்கு ஒரு தடவ ஆன் பண்ணி பாத்தேன், உடனே வந்துச்சு. ஆக முதல் வேலி மெனுதான், டிஎன்எஸ் அதுக்கு காவல். மெனுவ விட்டுட்டு டிஎன்எஸ் மட்டும் போட்டுக்கிட்டு தைரியமா இருக்காதீங்க. ரொம்ப இறுக்கமான பிளாக்லிஸ்ட் போட்டா ஆப் ஸ்டோர் தொறக்காது, அப்டேட் வராது, அப்பறம் வீட்டுல திட்டு நமக்குத்தான்.

நெட்டே வேணாம்னா இன்னும் சுலபம், வைஃபைய மறக்கச் சொல்லிடுங்க, வெறும் கேபிள் பாக்ஸ் போதும்னு இருக்கவங்களுக்கு இதவிட பெரிய ப்ரைவசி செட்டிங் இல்ல. ஃபயர் டிவி மாதிரி ஸ்ட்ரீமிங் ஸ்டிக் தனியா வாங்கி சொருகுறேன்னு சிலர் சொல்றாங்க, ஸ்டிக்கும் அதே வேலைதான் பாக்கும், ஃபயர் டிவில ப்ரைவசி செட்டிங்ஸ்குள்ள போயி டிவைஸ் யூசேஜ், ஆப் யூசேஜ், விளம்பரம் மூணையும் ஆஃப் பண்ணித்தான் ஆகணும்.

சட்டம்னு பாத்தா நம்ம நாட்டுல டிபிடிபின்ற தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம் 2023ல வந்துச்சு, அதுக்கான ரூல்ஸ் 2025 நவம்பர்ல. சம்மதம் குடுக்குறது எவ்வளவு சுலபமோ திருப்பி வாங்குறதும் அவ்வளவு சுலபமா இருக்கணும்னு அதுல இருக்கு, அரசியல் சாசனத்தோட எட்டாவது அட்டவணைல இருக்க மொழிகள்ல நோட்டீஸ படிக்க வழி குடுக்கணும்னும் இருக்கு, தமிழும் அதுல உண்டு. முக்கியமான பிரிவுங்க அமலுக்கு வர ரூல்ஸ் வந்ததுல இருந்து 18 மாசம். அதுவரைக்கும் ஓகே ஒரே அமுக்கு, வேணாம்னு சொல்ல ஏழெட்டு மெனு.

ஏற்காட்டுல மச்சானுக்கு ஒரு சின்ன ஹோம்ஸ்டே இருக்கு, இத கேள்விப்பட்டு அங்க இருக்க டிவிங்களையும் பாக்கச் சொன்னாரு. அங்க கதையே வேற, டிவி கம்பெனிய விட பெரிய ஓட்டை வந்து தங்குறவங்க விட்டுட்டுப் போற லாக்இன். யூட்யூப தொறந்தா யாரோ ஒரு குடும்பத்தோட ஹிஸ்டரி, அவங்க தேடுன மருந்து பேரு வரைக்கும் அப்படியே இருக்கு. எல்லாத்தையும் ரீசெட் பண்ணி, அக்கவுண்ட் இல்லாம, யூட்யூப்ல கெஸ்ட் மட்டும் இருக்க மாதிரி வெச்சு, வீட்டு வைஃபைல இருந்து பிரிச்சு கெஸ்ட் நெட்வொர்க்ல போட்டுக் குடுத்தேன். நீங்க எங்கயாவது தங்குன எடத்துல லாக்அவுட் பண்ண மறந்திருந்தா, போன்ல கூகுள் அக்கவுண்ட்ல செக்யூரிட்டிக்குள்ள 'யுவர் டிவைசஸ்'னு இருக்கும், அந்த டிவிய அங்க இருந்தே வெளிய தள்ளிடலாம். மச்சான் இப்ப ரூம காலி பண்ணும்போது சாவி வாங்குற கையோட "டிவில லாக்அவுட் பண்ணிட்டீங்களாங்க"ன்னு கேக்குறாரு, பாதி பேரு திரும்ப உள்ள ஓடுறாங்களாம்.