ஒரு சவரக்கத்தியும் மூன்று கற்களும்

5 அக்டோபர் 2024, சனி

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் எங்கள் தெருவுக்கு அருகே கூடும் பழம்பொருள் சந்தையில், துருவேறிய தாழ்ப்பாள்களுக்கும் வெள்ளிப் பூச்சு போன கரண்டிகளுக்கும் நடுவில் கிடந்த ஒரு மடக்குச் சவரக்கத்தியை இன்று 15 யூரோவுக்கு வாங்கினேன். அலகையும் கைப்பிடியையும் இணைக்கும் காம்பில் செய்தவரின் பெயர் தேய்ந்துபோய், 'சோலிங்கன்' என்ற ஊர்ப்பெயர் மட்டும் தெளிவாக நிற்கிறது. கத்திகளுக்குப் பேர்போன அந்த நகரம் இங்கிருந்து ரயிலில் கால்மணி நேரத் தொலைவுதான். அங்கே செய்யாத கத்தியில் அந்தப் பெயரைப் பொறிக்கக் கூடாது என்று 1938-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் சட்டம் வந்துவிட்டதால், அந்த ஒற்றைச் சொல்லை நம்பிப் பணத்தைக் கொடுத்தேன்.

கல்லில் பிடித்துத் தயாராக இருக்கிறது, நாளைக் காலையே சவரம் செய்துகொள்ளலாம் என்று விற்றவர் சொன்னார். வீட்டுக்கு வந்து முன்கையில் வைத்துப் பார்த்தேன். முடி சாய்ந்து கொடுத்ததே தவிர ஒன்றும் அறுபடவில்லை.

ஆனால் அலகு நல்ல அலகு. அகலம் 16 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு. முதுகின் தடிமன் நாலரை மில்லிமீட்டர். இருபுறமும் ஆழமாகக் குடைந்திருப்பதால், கட்டைவிரல் நகத்தில் அலகின் வெட்டும் வாயை வைத்து மிக லேசாக அழுத்தினால் இரும்பு நகத்தின்மேல் மெல்லிய அலைபோல வளைந்து நகர்வது கண்ணுக்குத் தெரிகிறது. துருக்குழி எதுவும் இல்லை. நுனிப்பக்கம் மட்டும் இரண்டு சிறு முறிவுகள் உருப்பெருக்கிக் கண்ணாடியில் தென்படுகின்றன.

6 அக்டோபர், ஞாயிறு

சமையலறைக் கத்தியைத் தீட்டுகிறவர் கோணத்தைத் தம் மணிக்கட்டில் வைத்திருக்க வேண்டும். சவரக்கத்தியிலோ அந்தக் கோணத்தைக் கத்தி செய்தவரே உள்ளே வைத்துவிட்டார். முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படியுமாறு கத்தியைப் படுக்கவைத்து, வாய் முன்னே செல்ல இழுத்தால், 16 மில்லிமீட்டர் அகலமும் நாலரை மில்லிமீட்டர் முதுகும் கொண்ட அலகுக்கு வாயின் இருபுறச் சரிவும் சேர்ந்து ஏறத்தாழ 16 பாகைக் கோணம் தானாக அமைந்துவிடும். நாம் செய்ய வேண்டியது முதுகைக் கல்லைவிட்டுத் தூக்காமல் இருப்பதும், பக்கம் மாற்றும்போது முதுகின்மேலேயே கத்தியை உருட்டித் திருப்புவதும்தான்.

இன்று கத்தியைத் தொடவே இல்லை, கற்களைத்தான் சமப்படுத்தினேன். என்னிடம் இருப்பவை 1000 எண் கல் ஒன்றும், ஒரு பக்கம் 4000, மறுபக்கம் 8000 உள்ள இரட்டைக் கல் ஒன்றும். எண் கூடக் கூடக் கல்லின் துகள் நுண்ணியதாகும். கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, நீருக்கடியில் வைரத் தகட்டால் தேய்த்தால், மேடான இடத்துக் கோடுகள் முதலில் அழிந்து பள்ளத்தில் உள்ளவை கடைசிவரை நிற்கும். 1000 எண் கல்லின் நடுவில் இருந்த பென்சில் கோடுகள் அழிய அரைமணி நேரம் ஆயிற்று. அத்தனை நாளும் குழிவான கல்லில் சமையல் கத்திகளைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

உடன்குடிப் பக்கம் எங்கள் ஊரில் ஞாயிறுதோறும் திண்ணைக்கு வந்து தாத்தாவுக்குச் சவரம் செய்த பெரியவரின், சவரச் சாமான் வைக்கும் அடைப்பத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுத்த கல் இருக்கும். அதில் நீரைச் சொட்டவிட்டு நாலைந்து இழுப்பு இழுப்பார். பிறகு கத்தியை இடது உள்ளங்கையில் முன்னும் பின்னும் புரட்டிப் புரட்டித் தடவுவார். கல்லில் தண்ணீர் வற்றக் கூடாது தம்பி என்று எனக்கு ஒருமுறை சொன்னார். பாதி பிளேடைச் செருகும் கத்தி வந்தபிறகு அந்தக் கல் அடைப்பத்திலிருந்து காணாமல் போனது. ஒருவர் இரத்தம் இன்னொருவர் மேல் படாதிருக்க அந்த மாற்றம் தேவையாக இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தக் கல் யாரிடம் போயிற்று என்று கேட்டு வைத்திருக்கலாம்.

12 அக்டோபர், சனி

1000 எண் கல்லைக் கால்மணி நேரம் நீரில் ஊறவைத்துத் தொடங்கினேன். கல்லின் அகலத்தைவிட அலகு நீளமானது; ஆகவே நேராக இழுத்தால் அலகின் ஒரு பகுதி கல்லைத் தொடாமலே போகும். காம்புப் பக்கத்தில் தொடங்கி, முன்னே தள்ளிக்கொண்டே பக்கவாட்டிலும் நகர்த்தி, நுனியில் முடிக்க வேண்டும். இரு பக்கமும் இழுத்த தடங்களைச் சேர்த்துப் பார்த்தால் கல்லின்மேல் பெருக்கல் குறி போட்டதுபோல இருக்கும்.

ஒரு பக்கத்துக்கு 60 இழுப்புக்குப் பிறகு முன்கை முடி நடு அலகில் அறுபட்டது. அந்த மகிழ்ச்சியில் காம்புப் பக்கத்தைச் சோதிக்காமலே 4000-க்கும், அன்று மாலையே 8000-க்கும் போய்விட்டேன். விளக்கொளியில் சரிவு கண்ணாடிபோல மின்னியது.

13 அக்டோபர், ஞாயிறு

காலையில் அந்தக் கத்தியால் சவரம் செய்துகொண்டேன். வலது கன்னம் பரவாயில்லை. தாடைக்குக் கீழே, அலகின் காம்புப் பக்கம் பட்ட இடத்திலெல்லாம் கத்தி முடியை அறுக்காமல் பிடித்து இழுத்தது. பாதியில் நிறுத்திவிட்டு, பழைய ரேசரால் முடித்து, படிகாரக் கட்டியைத் தடவியபோது கண்ணில் நீர் வந்துவிட்டது.

16 அக்டோபர், புதன்

மை வைத்துச் சோதித்தேன். கறுப்பு மார்க்கர் பேனாவால் இரு சரிவுகளிலும் முழு நீளத்துக்கும் மை தீட்டி, 1000 எண் கல்லில் பக்கத்துக்கு இரண்டே இழுப்பு இழுத்துப் பார்த்தால், கல் தொட்ட இடத்தில் மை போயிருக்கும், தொடாத இடத்தில் இருக்கும். காம்புப் பக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு மை அப்படியே இருந்தது. கத்தி அங்கே கல்லைத் தொடவே இல்லை.

19 அக்டோபர், சனி

வுப்பர் ஆற்றின் கரையில், சோலிங்கனைச் சேர்ந்த பால்க்ஹவுசர் கோட்டன் என்ற பழைய சாணைப் பட்டறைக்குப் போய்வந்தேன். ஆற்று நீரால் சுழன்ற சக்கரங்களில் கத்திகளைச் சாணை பிடித்த இடம், இப்போது அருங்காட்சியகம். ஒரு கத்தியை ஒருவரே செய்யும் வழக்கம் இந்த ஊரில் இருந்ததில்லை. கொல்லர் அடிப்பார், இன்னொருவர் இரும்பைப் பதப்படுத்துவார், மூன்றாமவர் சாணை பிடிப்பார், நான்காமவர் கைப்பிடி பொருத்துவார். ஒரு பட்டறையிலிருந்து அடுத்ததற்குக் கத்திகளைக் கூடையில் நிறைத்துத் தலையில் சுமந்து மலைப்பாதையில் நடந்தவர்கள் பெண்கள். சும்மாடு கூட்டித் தண்ணீர்க் குடம் சுமந்த எங்கள் ஊர்ப் பெண்களின் கழுத்து எனக்கு நினைவுக்கு வந்தது, ஆனால் இவர்கள் சுமந்தது இரும்பு. சாணை பிடித்தவர்களோ மணற்கல் சக்கரத்தின் தூளை ஆண்டுக்கணக்கில் சுவாசித்து நுரையீரல் கெட்டு இளவயதிலேயே இறந்தார்கள். சுழலும் சக்கரம் வெடித்து மாண்டவர்களும் உண்டு. என் கையில் உள்ள அலகின் மெல்லிய குடைவுக்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை மறக்க விரும்பவில்லை.

அந்தச் சக்கரங்களின் அருகில் நின்றபோதுதான் என் கத்தியின் கோளாறும் விளங்கியது. சக்கரத்தின் வளைவுதான் அலகின் குடைவாக இரும்பில் பதிகிறது. சக்கரம் காம்புக்கு முன்னே நின்றுவிடுவதால் அங்கே குடையப்படாத ஒரு தடிப்பு மிஞ்சும். மெல்லிய அலகு முறுக்கிக்கொள்ளாமல் தாங்குவது அந்தத் தோள்தான். நான் அந்தத் தோளையும் சேர்த்துக் கல்லின்மேல் ஏற்றியிருக்கிறேன். தடித்த தோள் கல்லில் உட்கார்ந்ததும் அதன் பக்கத்து வாய் மேலே எழும்பிவிட்டது. முதுகிலும் அந்த இடத்தில் சற்று அதிகமாகத் தேய்ந்திருப்பது இப்போது தெரிகிறது. அது என் கைவேலை.

20 அக்டோபர், ஞாயிறு

மறுபடி 1000-லிருந்து. முதுகு மேலும் தேயாமலிருக்க அதன்மேல் மின்கம்பிக்குச் சுற்றும் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று ஒட்டினேன். அலகைக் கல்லுக்குக் குறுக்கே சாய்த்து, காம்புப் பக்கம் முன்னே செல்ல, தோள் கல்லின் ஓரத்துக்கு வெளியே தொங்கும்படி பிடித்தேன். பத்து இழுப்புக்கு ஒருமுறை மை. ஐந்தாவது முறையில் மை முழு நீளத்துக்கும் போய்விட்டது.

சரிவு அமைந்துவிட்டது என்பதைக் கண்ணாடி இல்லாமலும் அறிய ஒரு வழி உண்டு, அதை இன்று நேரில் கண்டேன். மழுங்கிய வாய் கல்லின்மேலுள்ள நீரைத் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டே போகும். இரு சரிவும் ஒரே கோட்டில் சந்தித்த வாயோ நீருக்கு அடியில் நுழைந்துவிடும். நீர் மெல்லிய திரையாக அலகின்மேல் ஏறி முதுகுவரை வரும். காம்புப் பக்கத்தில் அந்தத் திரை முதன்முதலாக ஏறி வந்தபோது கையை நிறுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு வாயை மேல்நோக்கி விளக்கின் கீழ்ப் பிடித்தேன். மழுங்கல் எங்கே இருந்தாலும் அங்கே ஒளி பட்டு வெண்ணிறப் புள்ளியாக மின்னும். ஒரு புள்ளியும் இல்லை, நுனியில் இருந்த இரண்டு முறிவுகளும்கூடப் போய்விட்டன.

ஒரு வாரத்துக்கு முன் நான் 8000-இல் கண்ட கண்ணாடி மினுக்கத்துக்குக் கூர்மையோடு சம்பந்தமே இல்லை. நுண்ணிய கல் முந்தைய கல்லின் கீறல்களைத்தான் எடுக்கும். சந்திக்காத சரிவுகளைச் சந்திக்கவைக்கும் அளவுக்கு இரும்பைத் தின்னும் வலு அதற்குக் கிடையாது. சவரக்கத்தியில் கூர்மை பிறப்பது 1000 எண் கல்லில்தான் என்று உறுதியாக நம்புகிறேன். இனி அந்தக் கல்லில் அவசரப்பட மாட்டேன்.

27 அக்டோபர், ஞாயிறு

கோடைநேரம் முடிந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வைக்கும் நாள். கிடைத்த அந்த ஒரு மணி நேரமும் கல்லுக்கே போயிற்று. 4000-இல் அழுத்தம் கூடிவிட்டது போலும். கண்ணாடியில் பார்த்தால் வாயின் ஓரத்தில் நூல்போல ஒரு பிசிறு தொங்குகிறது. அப்படியே முகத்தில் வைத்தால் முதல் இழுப்பில் பிசிறு உதிர்ந்து, கீழே கரடுமுரடான வாய்தான் மிஞ்சும். 4000-இலேயே கத்தியின் சொந்த எடைகூட முழுதாக இறங்காதபடி, இரண்டு விரல்களால் மட்டும் பிடித்து, ஒவ்வொரு இழுப்புக்கும் பக்கம் மாற்றி 30 முறை இழுத்ததில் பிசிறு ஒழிந்தது. 8000-இல் இருபது.

1 நவம்பர், வெள்ளி

புனிதர்கள் திருநாள் விடுமுறை. மூன்றாவது கல்லைப் பற்றி இன்று எழுத வேண்டும். பெல்ஜியத்தின் ஆர்தென் மலைப்பகுதியில், வீல்சால்ம் ஊரைச் சுற்றி மட்டும் கிடைக்கும் 'கோட்டிக்கூல்' என்ற மஞ்சள் கல் அது. சென்ற வாரம் ஒரு நண்பர் கொண்டுவந்து கொடுத்தார். பூமிக்குள் மெல்லிய நரம்பாக ஓடுவதால் வெட்டியெடுக்கும் துண்டும் மெல்லியதாகவே இருக்கும்; உடையாமலிருக்க அடியில் பலகைக்கல் ஒட்டி விற்பார்கள். இதன் அறுக்கும் சக்தி முழுவதும் உள்ளே நிறைந்திருக்கும் நுண்ணிய கார்னெட் மணிகளில் இருக்கிறது. எங்கள் கடற்கரையில் சிவந்து கிடக்கும் கார்னெட் மணலும் இதே கனிமக் குடும்பம்தான். அந்த மணலைக் காலால் அளைந்து வளர்ந்தவனுக்கு, அதன் உறவுக்கல் ஒன்று இந்தக் குளிரில் சவரக்கத்தி தீட்டக் கைக்கு வந்ததில் பெரிய நிறைவு.

கல்லின் முகத்தில் சில சொட்டு நீர் விட்டு, அதே கல்லின் சிறு துண்டால் வட்டமாகத் தேய்த்தால் சந்தனம் இழைத்ததுபோல இளமஞ்சள் குழம்பு வரும். குழம்பில் மணிகள் உருண்டு விரைவாக இரும்பைத் தின்னும். ஊரில் பனையேறிகள் பலகையில் கல்தூளைத் தூவிப் பாளை அரிவாளைத் தீட்டுவதும் இதே வழியில்தான்: உதிர்ந்த தூள்தான் அறுக்கும், பலகை அதைத் தாங்கி நிற்கும். ஆனால் குழம்பு கெட்டியாக இருக்கும்வரை வாய் ஓர் அளவுக்கு மேல் கூர்மை பெறாது, மிதக்கும் மணிகள் எதிர்ப்பட்டு அதைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே 20 இழுப்புக்கு ஒருமுறை ஒரு சொட்டு நீர், மறுபடி ஒரு சொட்டு என்று குழம்பைப் படிப்படியாக நீர்க்கவைத்து, கடைசியில் கல்லைக் கழுவி வெறும் தெளிந்த நீரில் ஐம்பது இழுப்பு. கடைசிப் பத்து இழுப்பில் கத்தி கல்லோடு ஒட்டிக்கொள்வதுபோல லேசாகப் பற்றியது. ஓசையும் மாறி, ஏறக்குறைய அடங்கிவிட்டது.

2 நவம்பர், சனி

தீட்டிய கத்தியைக் கடைசியாகத் தடவும் தோல்வாரைக் கதவுக் குமிழில் மாட்டி இழுத்துப் பிடித்து, முதலில் துணிப்பக்கம் முப்பது, பிறகு தோலில் அறுபது. இங்கே முதுகுதான் முன்னே செல்ல வேண்டும். கல்லில் பழகிய கை மறந்து வாயை முன்னே விட்டால் தோலும் அறுபடும், நான்கு வார வேலையும் போகும். தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, விரல்களுக்கிடையே தொங்கவிட்டு, காம்புப் பக்கத்து வாயில் மெதுவாக இறக்கினேன். முடி அறுந்து விழுந்தது, நான் அதை உணரக்கூட இல்லை.

வெந்நீர்த் துண்டை முகத்தில் வைத்து, நுரையைத் தடவி, அலகை முப்பது பாகை சாய்த்துத் தாடைக்குக் கீழே, போன முறை எரிந்த அதே இடத்தில் முதலில் வைத்தேன். குடைந்த அலகு முடியைச் சந்திக்கும்போது எழுப்பும் ஓசை மட்டும் கேட்டது, இழுப்பே இல்லை. இரண்டு கன்னம், மேலுதடு, கழுத்து என்று முழுச் சவரமும் முடிந்தபின் முகத்தைக் கழுவி, படிகாரக் கட்டியை எல்லா இடத்திலும் அழுத்தித் தடவினேன். எங்கும் எரியவில்லை.

கத்தியைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி, மடக்காமல் ஜன்னலோரம் காற்றாட வைத்திருக்கிறேன்.