எதிர்த்து ஓட்டுப் போட்டா என்ன ஆகும்?

எங்கள் எம்எல்ஏ அண்ணன் கேட்டது இதைத்தான். "பதவி போயிடும்ணே" என்றேன். "ஓட்டுப் போடாம எந்திரிச்சு வந்துட்டா?" "அதுக்கும் இதே கதிதான்ணே." மேற்கொண்டு அவர் எதுவும் கேட்கவில்லை. சட்டசபைக்குள் போய், இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்ற கட்சிக் கொறடாவின் உத்தரவுப்படி அந்த நில எடுப்பு மசோதாவை ஆதரித்துவிட்டு வந்தார். அதை எதிர்த்து ஊர் ஊராக அவர் பேசிய பேச்சுகள் நான் எழுதிக் கொடுத்தவை.

நான் சொன்னது சட்டம். 1985இல் வந்த அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், அப்படித்தான் சொல்கிறது. எம்எல்ஏவின் உதவியாளன் ஆபத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

ஆனால் 15 நாளுக்குள் கட்சி மன்னித்துவிட்டால் பதவி போகாது என்றும் அதே அட்டவணையில் இருக்கிறது. 1992இல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தத் தண்டனை நம்பிக்கை வாக்கெடுப்புக்கும், கட்சி மக்களிடம் சொல்லி ஓட்டு வாங்கிய அடிப்படைத் திட்டத்துக்கும் மட்டுமே பொருந்த வேண்டும் என்றது. விளைநிலத்தை எடுக்க விடமாட்டோம் என்றுதானே நாங்கள் ஓட்டு வாங்கினோம்? அதை மாற்றியது தலைமை, அதுவும் கூட்டணி மாறிய ஒரே வாரத்தில். இதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லித்தான் என்ன? தீர்மானிக்கிறவர் சபாநாயகர். கோர்ட்டுக்குப் போனால் வழக்கு முடிவதற்குள் ஐந்து வருடமும் ஓடிவிடும்.

இப்படி மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். பிறகு 2017 வந்தது. பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் ஓ. பன்னீர்செல்வம் அணியின் 11 பேர் எடப்பாடி பழனிசாமி அரசை எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். ஆகஸ்டில் அணிகள் இணைந்தன, பன்னீர்செல்வம் துணை முதல்வரானார். அந்த 11 பேரின் பதவிக்கு எதுவும் ஆகவில்லை. முதல்வர் மேல் நம்பிக்கையில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தவர்களில் 18 பேருக்கோ செப்டம்பரில் பதவி போனது. அவர்கள் அவையில் எதிர்த்து ஓட்டே போடவில்லை! உயர் நீதிமன்றமும் 2018இல் அந்தத் தகுதி நீக்கத்தை உறுதி செய்தது.

அப்படியென்றால் அண்ணனிடம் நான் சொன்னது சட்டமா, வெறும் பயமா?

கட்டுப்பாடே வேண்டாம் என்பவனல்ல நான். 1967இல் ஹரியானாவின் கயா லால் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார். அந்தக் கூத்துக்கு ஒரு தடை வேண்டும்தான். ஆனால் உறுப்பினர் இருந்த இடத்திலேயே இருக்க, கட்சி மாறிப்போனால் அதற்கு எந்த அட்டவணை? விசுவாசம் கட்சிக்கா, அன்றைக்குக் கட்சியைக் கையில் வைத்திருப்பவருக்கா? கட்சி அலுவலகத்தில் இதை நான் வாய்விட்டுக் கேட்டதில்லை.

அண்ணனுக்கு என்மேல் வருத்தமில்லை. "நீ சொன்னதாலதான் அஞ்சு வருஷமும் முடிச்சேன்" என்பார். அடுத்த தேர்தலில் அந்த ஊர்களுக்கு மட்டும் அவர் ஓட்டுக் கேட்கப் போகவில்லை. என்னை அனுப்பினார்.