சார்லஸ் வெஸ்லியின் பாட்டில் எத்தனை பேர் கை!

கிறிஸ்துமஸ் பாடகர் குழுக்கள் தவறாமல் எடுக்கும் 'ஹார்க் தி ஹெரால்டு' பாட்டை, மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் சார்லஸ் வெஸ்லி (1707–1788) வெளியிட்டது 1739-இல். மூலத்தில் நான்கு வரிச் சரணங்கள் பத்து, பல்லவியே கிடையாது. தொடக்க வரிகளை 1753-இல் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு என்ற பிரசங்கியார் மாற்றினார். மெட்டு, அச்சுக்கலை விழா ஒன்றுக்காக 1840-இல் ஜெர்மானிய இசையமைப்பாளர் மெண்டல்சன் போட்டது. பக்திப் பாட்டுக்கு இது ஒத்துவராது என்பது அவர் கருத்து! 1855-இல் வில்லியம் கம்மிங்ஸ் என்ற ஆங்கில இசைக்கலைஞர் பாட்டையும் மெட்டையும் இணைத்தார். அந்த மெட்டு பத்து வரி கேட்கும். அதனால்தான் இரண்டு சரணங்களை ஒட்டி எட்டு வரியாக்கி, முதல் இரு வரிகளைக் கடைசியில் திரும்பப் பாடுகிறோம்.

'ஓ ஃபார் எ தௌசண்ட் டங்ஸ்' கதையும் இப்படித்தான். 1738 மே 21 அன்று தனக்கு நேர்ந்த ஆன்மிக மனமாற்றத்தின் ஓராண்டு நிறைவுக்கு வெஸ்லி எழுதிய 18 சரணங்கள். பாட்டுப் புத்தகங்கள் தொடங்குவதோ ஏழாவதில்.

மெட்டு மாற்ற விரும்பும் குழுக்கள் கவனிக்க: 'தௌசண்ட் டங்ஸ்' 8.6.8.6 அளவு, அதாவது நான்கு வரிகளிலும் முறையே அத்தனை சிலபிள் (அசை). 'அமேசிங் கிரேஸ்' மெட்டு அப்படியே பொருந்தும். ஆனால் சிலபிள் எண்ணிக்கை மட்டும் போதாது, அழுத்தமும் பொருந்த வேண்டும். முதல் சிலபிள் தாளத்துக்கு முன்னால் விழும் மெட்டில் 'ஹார்க்' பாட்டைப் போட்டால், 'தி' போன்ற ஒன்றுமில்லாத சொற்கள்தான் ஓங்கி ஒலிக்கும். பியானோ எவ்வளவு நன்றாக வாசித்தாலும் அதை மறைக்க முடியாது.